கடைக் கூரையில் சூரிய மின்சாரம்: மானியம் யாருக்கு, மிச்சம் எவ்வளவு?



சூரிய மின்சாரத்துக்கு அரசு அள்ளிக் கொடுக்கிறது என்ற பேச்சு இப்போது எல்லா மண்டியிலும் அடிபடுகிறது. ரங்கே கவுடர் வீதியில் காலையில் லாரியிலிருந்து மூட்டை இறங்கும் நேரத்தில்கூட, வண்ணத் துண்டுப் பிரசுரத்துடன் ஏஜெண்டுகள் வந்து நிற்கிறார்கள். "78 ஆயிரம் மானியம், மீதிக்கு பேங்க் லோன், இனிமேல் கரண்ட் பில்லே வராது" என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கிறார்கள். எங்கள் கடைக்கு வந்த ஒருவர் கடையின் மின் இணைப்பு எண்ணைக்கூடக் கேட்கவில்லை, கையெழுத்துக்குத்தான் அவசரப்பட்டார். உறுப்பினர்கள் பலர் இது பற்றி நம்மிடம் கேட்டு வருவதால், விவரங்களைத் தொகுத்து எழுதுகிறோம்.

முதலில் அந்த 78 ஆயிரம். இது மத்திய அரசின் "பிரதமரின் சூரிய வீடு" திட்டத்தில் வரும் தொகை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய திட்டம் இது. ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரியத் தகடு அமைக்க 75,021 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2026-27 நிதியாண்டு வரை கால அளவு. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30 ஆயிரம், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18 ஆயிரம், ஆக மொத்தம் 78 ஆயிரம். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் அவ்வளவுதான்.

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. இது வீட்டுக்கு உரிய திட்டம். வணிகக் கட்டணத்தில் உள்ள மின் இணைப்புக்கு இதில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. மளிகைக் கடை, மண்டி, குடோன், எண்ணெய்க் கடை எதற்கும் இல்லை. கடைக்கு மானியம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால், அவரை அப்படியே அனுப்பிவிடலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மானியம் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு நேராக வருகிறது. தகடு அமைக்கும் கம்பெனிக்குப் போவதில்லை. அரசின் இணையதளத்தில் பதிவு செய்த நிறுவனம்தான் வேலை செய்ய வேண்டும். தகட்டின் செல் உள்நாட்டில் தயாரானதாக இருக்க வேண்டும். விலை குறைவாக இருக்கிறதே என்று வெளிநாட்டுச் செல் போட்ட தகட்டை மாட்டிவிட்டு, பிறகு மானியம் வரவில்லை என்று அலைவதில் பயனில்லை.

கீழே கடை, மேலே வீடு

நம் ஊர்களில் பாதிப் பேருக்கு நிலைமை இதுதான். கீழே கடை, மேலே குடியிருப்பு, இரண்டுக்கும் தனித்தனி மீட்டர். இப்படி இருப்பவர்கள் வீட்டு இணைப்பின் பேரில் மானியத்துடன் தகடு அமைக்கத் தடை ஏதும் இல்லை. வீட்டுக் கடனைப் போல் அலைய வேண்டியதும் இல்லை. 3 கிலோவாட் வரை உள்ள அமைப்புக்கு அரசு வங்கிகள் 2 லட்சம் ரூபாய் வரை பிணை கேட்காமல் கடன் தருகின்றன. ஆனால் தமிழக அரசு வீட்டு இணைப்புக்கு ஏற்கெனவே இலவச யூனிட் கொடுப்பதால், செலவு குறைந்த வீட்டுக்கு இதில் பெரிய மிச்சம் தெரியாது. இரண்டு மூன்று ஏ.சி., வாட்டர் ஹீட்டர் என்று ஓடி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டுகிற வீட்டுக்குத்தான் பொருந்தும்.

இங்கேதான் ஒரு விபரீத யோசனையைச் சில ஏஜெண்டுகள் சொல்லிக் கொடுக்கிறார்கள். வீட்டின் பேரில் மானியம் வாங்கி, அந்த மின்சாரத்தை ஒரு ஒயர் போட்டுக் கீழே கடைக்கு இறக்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். வேண்டாம். வீட்டு இணைப்பில் கடை நடத்துவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு. பிடிபட்டால் வணிகக் கட்டணத்தின் இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போதிருந்து நடக்கிறது என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். 78 ஆயிரம் மானியம் வாங்கி, அதற்கு மேல் அபராதம் கட்டுகிற வியாபாரத்தை நம்மில் யாரும் செய்யமாட்டோம்.

கடைக்கு என்னதான் கிடைக்கிறது?

நேர்முக மானியம் இல்லை என்பதால் ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. சுற்றிவளைத்து மூன்று வழியில் அரசு உதவுகிறது. ஏஜெண்டுகள் இதைச் சொல்வதில்லை. அவர்களுக்கு இதில் ஏதும் கிடைக்காது என்பதால் இருக்கலாம்.

ஒன்று, ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் சூரிய மின் சாதனங்களுக்கான வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பொருளும் வேலையும் சேர்த்து ஒப்பந்தமாக வாங்கும்போது, 70 சதவீத மதிப்பைப் பொருளாகவும் 30 சதவீதத்தை 18 சதவீத வரியுள்ள வேலையாகவும் கணக்கிடுவார்கள். முன்பு மொத்தத்தில் 13.8 சதவீதம் விழுந்தது, இப்போது 8.9 சதவீதம். பழைய விகிதத்தில் கொட்டேஷன் கொடுத்தால் கேள்வி கேளுங்கள். ரெகுலர் பதிவில் இருப்பவர்கள் இந்த வரியை உள்ளீட்டு வரிக் கழிவாக எடுத்துக்கொள்ள வழியிருக்கிறது. காம்பவுண்டிங் திட்டத்தில் இருக்கும் சிறு கடைக்காரர்களுக்கு அது இல்லை.

இரண்டு, வருமான வரியில் தேய்மானம். சூரிய மின் சாதனங்களுக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் கழிக்கலாம். (முன்பு 80 சதவீதம் இருந்தது; 2017-இல் குறைத்துவிட்டார்கள்.) நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அந்த ஆண்டு பாதிதான். ஆகவே வாங்குவதாக முடிவு செய்தால் செப்டம்பருக்கு முன்பே ஓட ஆரம்பிக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேசக் கணக்குக் காட்டுபவர்களுக்குத் தேய்மானம் தனியாகக் கிடையாது. ஜி.எஸ்.டி. கழிவு எடுத்த தொகைக்குத் தேய்மானமும் எடுக்க முடியாது. இவற்றை ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

மூன்று, கடன். 2021 ஜூலை 2 முதல் சில்லறை, மொத்த வியாபாரிகளும் குறு, சிறு, நடுத்தரத் தொழில் என்று உத்யம் பதிவு செய்துகொள்ளலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. அது முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான். தொழிற்சாலைக்குக் கிடைக்கும் மற்றச் சலுகைகள் நமக்கு வராது. இருந்தாலும் பேங்கில் பேசும்போது அந்தப் பதிவு கையில் இருப்பது உதவும்.

ஒரு கடையின் கணக்கு

நடுத்தர மளிகைக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஃப்ரீசர், ஒரு குளிர்பானப் பெட்டி, விளக்கு, மின்விசிறி, பில் போடும் கம்ப்யூட்டர், கேமரா. இரண்டு மாதத்துக்கு 1,200 யூனிட் ஓடுகிறது. அதில் பகல் நேரத்துச் செலவு சுமார் 750 யூனிட் என்று வைத்துக்கொள்வோம்.

வணிகக் கட்டணம் நமக்கு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் பெரிய உயர்வு. 2024 ஜூலையில் 50 கிலோவாட்டுக்குள் உள்ள கடைகளுக்கு யூனிட் 9.70 ரூபாயிலிருந்து 10.15 ஆனது. 2025 ஜூலையிலும் ஓர் உயர்வு வந்தது. கணக்குக்கு முழுசாகப் பத்து ரூபாய் என்றே வைப்போம்.

ஒரு கிலோவாட் தகடு நம் பகுதியில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். அதற்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். விலை, வரி எல்லாம் சேர்த்துக் கிலோவாட்டுக்கு 60 ஆயிரம் என்று கொள்வோம்.

3 கிலோவாட் போட்டால் 1 லட்சத்து 80 ஆயிரம். வரிக் கழிவு போக 1 லட்சத்து 65 ஆயிரம். இரண்டு மாதத்தில் 720 யூனிட் வரும். ஞாயிறு விடுமுறை, உச்சிவெயில் நேரத்தில் மிஞ்சுவது போக 600 யூனிட்டைக் கடை நேராக எடுத்துக்கொள்ளும். மிச்சம் 6 ஆயிரம். வருஷத்துக்கு 36 ஆயிரம். போட்ட பணம் நாலரை வருஷத்தில் திரும்பிவிடும். தேய்மானச் சலுகை இதற்கு மேல்.

அதே கடைக்கு 5 கிலோவாட் போட்டால் 3 லட்சம். வரிக் கழிவு போக 2 லட்சத்து 75 ஆயிரம். மின்சாரம் 1,200 யூனிட் வரும். ஆனால் பகலில் கடை எடுப்பது 700 யூனிட்தான். மிச்சம் வருஷத்துக்கு 42 ஆயிரம். அதாவது, கூடுதலாக 1 லட்சத்து 10 ஆயிரம் போட்டதற்கு வருஷத்துக்குக் கூடுதலாகக் கிடைப்பது 6 ஆயிரம். எந்த வியாபாரியும் இந்த வட்டிக்குப் பணத்தை முடக்கமாட்டான்.

மிஞ்சிய 500 யூனிட் என்ன ஆகிறது? அது மின்வாரியத்தின் கம்பியில் ஏறிப் போகிறது. (இப்போது அதன் பெயர் மின் பகிர்மானக் கழகம், நமக்கு வாயில் வருவது மின்வாரியம்தான்.) அதற்கு என்ன விலை என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2021-ஆம் ஆண்டு விதிகளில் மூன்று முறைகள் உள்ளன. ஒன்றில், நாம் அனுப்பிய யூனிட்டை நாம் எடுத்த யூனிட்டில் கழித்துக்கொள்வார்கள். பகலில் கொடுத்ததை இரவில் திரும்ப வாங்குவது போல. இரண்டாவதில், அனுப்பியதற்குத் தனி விலை போட்டு பில்லில் பணமாகக் கழிப்பார்கள். அந்த விலை நாம் கட்டும் பத்து ரூபாய்க்கு வெகு கீழே. மூன்றாவதில், உற்பத்தி முழுவதையும் வாரியத்துக்கே விற்றுவிட வேண்டும். எந்த இணைப்புக்கு எந்த முறை என்பது இணைப்பின் வகையைப் பொறுத்தது. முதல் முறை கிடைத்தால் 5 கிலோவாட் கணக்கே மாறிவிடும். 1,200 யூனிட்டும் நம் பேரில் நிற்கும். ஆகவே உதவி மின் பொறியாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்காமல் அளவை முடிவு செய்யாதீர்கள்.

நெட்வொர்க் கட்டணம் என்று ஒன்றும் இருக்கிறது. நம் கூரையில், நம் பணத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்துக்கு, வாரியத்தின் கம்பியோடு இணைந்திருப்பதற்காகப் போடும் கட்டணம். கோவை, திருப்பூர்ப் பகுதிக் குறுந்தொழில் முனைவோர் இதை எதிர்த்துக் கடுமையாகப் போராடினார்கள். நிலைக்கட்டணம், உச்சநேரக் கட்டணம் ஆகியவற்றை எதிர்த்து 2023 செப்டம்பர் 25-இல் தமிழகம் முழுவதும் சிறு தொழிற்கூடங்கள் ஒருநாள் மூடிக் கிடந்தன. அதன் பிறகு அவர்களுக்குச் சில சலுகைகள் கிடைத்தன. நெட்வொர்க் கட்டணத்தைப் பாதியாக்குவதும் அதில் ஒன்று. வணிகர்களாகிய நாம் அப்போது கூட்டாகக் குரல் கொடுக்கவில்லை. யூனிட்டுக்கு மிக அதிகம் கட்டுகிறவர்களில் கடைக்காரரும் ஒருவர். மானியப் பட்டியலில் அவர் பெயரே இல்லை. சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் இதற்கு இடம் தர வேண்டும் என்பது நம் கருத்து.

பவர் கட் ஆனால் சோலாரும் கட்

இதைத் தெரியாமல் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். சாதாரணமாக அமைக்கும் சூரிய மின் அமைப்பு வாரியத்தின் மின்சாரத்தோடு கைகோத்து ஓடுவது. லைனில் மின்சாரம் நின்றால் அதுவும் தானாக நின்றுவிடும். காரணம் பாதுகாப்பு. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியர், லைன் அணைந்திருக்கிறது என்று நம்பித் தொடும்போது, நம் கூரையிலிருந்து மின்சாரம் பாய்ந்தால் உயிர் போய்விடும். ஆகவே மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணியிலிருந்து மாலை வரை மின்தடை செய்கிறார்களே, அன்றைக்கு வெயில் கொளுத்தினாலும் கூரையில் தகடு சும்மா காயும். கீழே ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் உருகும்.

அன்றைக்கும் ஓட வேண்டுமானால் பேட்டரி சேர்ந்த ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். பேட்டரிக்கு வீட்டுத் திட்டத்திலும் மானியம் இல்லை. பேட்டரி வரி எல்லா வகைக்கும் இப்போது 18 சதவீதம். ஈயப் பேட்டரி 28-லிருந்து இறங்கியது. அது மட்டும் நமக்கு லாபம்.

2012-ஐ யாரும் மறந்திருக்கமாட்டோம். கோவையில் ஒரு நாளில் பாதி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. கடைக்குக் கடை ஜெனரேட்டர் புகை. அன்றைக்குச் சூரிய பேட்டரி இருந்திருந்தால் என்ன விலை கொடுத்தும் வாங்கியிருப்போம். இன்றைக்கு நிலைமை அப்படி இல்லை. சின்ன ஜெனரேட்டரில் டீசலுக்கு யூனிட் 30 ரூபாய்க்குக் குறையாது என்றாலும், மாதத்தில் சில மணி நேரம்தான் ஓட்டுகிறோம். அந்தச் சில மணி நேரத்துக்காகப் பெரிய பேட்டரி வாங்குவது, தீபாவளிக் கூட்டத்துக்காக வருஷம் முழுவதும் பெரிய கடைக்கு வாடகை கொடுப்பது போல. பில் கம்ப்யூட்டர், தராசு, விளக்கு, ஒரு ஃப்ரீசர் ஓடும் அளவுக்குச் சிறிய லித்தியம் பேட்டரி போதும். மிளகாய், புளி வைக்கும் குளிர்பதனக் கிடங்கு நடத்துபவர்களின் கணக்கு வேறு. அவர்கள் தனியாகப் பார்க்க வேண்டும்.

பேட்டரியை உப்பு மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில் வைக்காதீர்கள். காற்றோட்டமான தனி இடம் வேண்டும். எலி ஒயரைக் கடிக்காமல் குழாய்க்குள் விட்டு இழுக்கச் சொல்லுங்கள்; எலி விஷயத்தில் மளிகைக் கடைக்காரருக்கு நாம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

அரசின் பணம் போகும் இடம்

சேமிப்புக்கு அரசு கொடுப்பதெல்லாம் பெரிய அளவில்தான் போகிறது. காரணத்தைப் புரிந்துகொள்வது நமக்குக் கஷ்டமில்லை. 2025 ஜனவரி முடிவில் இந்தியாவின் சூரிய மின் நிறுவுதிறன் ஒரு லட்சம் மெகாவாட்டைத் தொட்டது. கமுதியில் 2016-இல் வந்த 648 மெகாவாட் நிலையம் முதல், நம் பல்லடம், தாராபுரம் பக்கத்துத் தோட்டங்கள் வரை தகடுகள் விரிந்திருக்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில், நண்பகலில், வரத்தாகிறது. மாலை 6 மணிக்கு வரத்து நின்றுவிடும். அப்போதுதான் ஊரெல்லாம் விளக்குப் போடும். தக்காளி ஒரே நாளில் நூறு லாரி வந்து இறங்கி, மறுநாள் ஒரு லாரியும் வராவிட்டால் மார்க்கெட் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். மின்சாரத்துக்கும் கிடங்கு வேண்டும்.

அப்படி ஒரு கிடங்கு நம் மாவட்டத்திலேயே 1980களின் கடைசியிலிருந்து ஓடுகிறது. ஆழியாறுக்கு மேலே மலைக்குள் இருக்கும் காடம்பாறை மின் நிலையம். நூறு மெகாவாட் அலகு நான்கு. மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாறு அணையின் தண்ணீரைக் காடம்பாறை அணைக்கு மேலே ஏற்றுவார்கள். தேவை கூடும்போது அதே தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். நூறு யூனிட் கொடுத்து ஏற்றினால் எழுபத்தைந்து, எண்பது யூனிட்தான் திரும்பும். கிடங்கில் வைத்த வெல்லத்தில் கழிவு போவது போல, இதிலும் கழிவு உண்டு. ஆனாலும் விலையில்லாத நேரத்தில் வாங்கி, கிராக்கி நேரத்தில் எடுப்பதால் கட்டுபடியாகிறது. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இதே மாதிரித் திட்டம் போட்டார்கள்; வேலை பல வருஷமாக இழுபட்டு வந்தது.

மலையும் அணையும் இல்லாத இடத்தில் பெரிய பேட்டரி நிலையங்கள். 2023 செப்டம்பரில் மத்திய அரசு 4,000 மெகாவாட்-மணி பேட்டரித் திட்டங்களுக்கு ஒப்புதல் கொடுத்தது; முதலீட்டில் 40 சதவீதம் வரை அரசு தாங்கும். 2025-இல் மேலும் 30,000 மெகாவாட்-மணிக்கு 5,400 கோடி ஒதுக்கியது. தமிழ்நாட்டிலும் பசுமை எரிசக்திக் கழகம் இதற்கு டெண்டர் விட்டது. 2024 மே 2-ஆம் தேதி தமிழகத்தின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்ட கோடையை நினைத்தால் இதன் அவசரம் புரியும்.

இது நம் பில்லை எப்படித் தொடும்? பகலில் மலிவு, மாலையில் விலையேற்றம் என்ற நேரவாரிக் கட்டணம் வழியாகத்தான். உயர் அழுத்த ஆலைகளுக்குக் காலையும் மாலையும் உச்சநேரத்தில் 25 சதவீதம் கூடுதல் கட்டணம் ஏற்கெனவே போடப்பட்டது. மத்திய அரசின் 2023 விதிகள், பகல் வெயில் நேரத்தில் 20 சதவீதம் குறைக்கவும், உச்சநேரத்தில் வணிகத்துக்கு 20 சதவீதம் கூட்டவும் சொல்கின்றன. ஸ்மார்ட் மீட்டர் கடை வரை வந்து இது நடைமுறையானால், பகல் மின்சாரம் மலிவாகும். நம் கூரைத் தகட்டின் மிச்சம் அந்த அளவுக்குக் குறையும். மாலை 6 முதல் 10 வரை, வியாபாரம் நடக்கும் நேரம் நமக்கு, விலை ஏறும். அன்றைக்குப் பேட்டரியின் கணக்கு இப்போது சொன்னதிலிருந்து மாறும். வாங்கும்போதே, பிறகு பேட்டரி சேர்க்க வசதியுள்ள இன்வெர்ட்டராகக் கேட்டு வாங்குங்கள். விலை வித்தியாசம் தாங்கக்கூடியதுதான்.

அரசு உதவியே இல்லாமலும் இது பரவுகிறது என்பதற்குப் பாகிஸ்தானைப் பார்க்கலாம். வாரிய மின்சாரம் கட்டுபடியாகாமல் அங்கே கடையும் ஆலையும் வீடும் தாமாகவே தகடு வாங்கின. 2024-இல் மட்டும் சுமார் 17 ஆயிரம் மெகாவாட் தகடு இறக்குமதியானது. வாடிக்கையாளர் குறைய, வாரியத்தின் செலவு மீதிப் பேர் தலையில் விழுகிறது. நம் ஊரில் நெட்வொர்க் கட்டணம் வந்ததற்குப் பின்னால் இந்தப் பயமும் இருக்கிறது.

கூரை யாருடையது?

நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் வாடகைக் கட்டடத்தில் இருப்பவர்கள். தகட்டின் செயல்திறனுக்கு 25 வருஷ உத்தரவாதம். வாடகை ஒப்பந்தம் 11 மாதம். கட்டட உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் இல்லாமல் வாரியத்தில் மனுவே நகராது. காலி செய்யும்போது தகடு, இன்வெர்ட்டர், இரும்புச் சட்டம் யாருக்கு, கூரையில் போட்ட துளையை யார் அடைத்துக் கொடுப்பது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். குறைந்தது ஐந்து வருஷம் இருப்பு உறுதியில்லாத இடத்தில் இதைச் செய்ய வேண்டாம்.

சொந்தக் கட்டடமானாலும் கூரையைப் பாருங்கள். பழைய ஓட்டுக் கூரை, சிமெண்ட் ஷீட்டில் சட்டம் நேராக நிற்காது. ரங்கே கவுடர் வீதி, தாமஸ் வீதி போன்ற நெருக்கமான இடங்களில் பக்கத்துக் கட்டடம் ஒரு மாடி எழுப்பினால் மத்தியானம் மூன்று மணிக்கே நிழல் விழும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வந்து மூடினால் உற்பத்தி குறையும். உடுமலை, கேத்தனூர் காற்றாலைகளுக்குக் கொண்டாட்டமான அந்த மாதங்களில் நம் தகடு சோர்ந்துதான் இருக்கும். மிளகாய்த் தூசும் லாரிப் புகையும் படியும் இடத்தில் பதினைந்து நாளைக்கு ஒரு முறை தண்ணீர் ஊற்றிக் கழுவ ஆள் வேண்டும்.

மனுவுடன் வேண்டியவை: மின் இணைப்பு எண்ணுள்ள கடைசி பில், அனுமதிக்கப்பட்ட மின் பளுவின் விவரம், கட்டட உரிமைச் சான்று அல்லது உரிமையாளரின் சம்மதக் கடிதம், அமைக்கும் நிறுவனத்தின் விவரம், தகடு மற்றும் இன்வெர்ட்டரின் சோதனைச் சான்றுகள். 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை என்று 2024-இல் மத்திய விதியைத் திருத்திவிட்டார்கள். அதைக் காட்டித் தாமதப்படுத்தினால் அந்தத் திருத்தத்தைச் சொல்லுங்கள். நிறுவனத்துக்குப் பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள். கடைசித் தவணை, இருவழி மீட்டர் மாட்டி முதல் பில் வந்த பிறகு.